கடலைத்தோட்டுக் கரியும் காதர் பாய் பட்டறையும்

கரி விக்கிறவன் மூஞ்சியில கரி பூச வெளியாள் வர வேணாம், தண்ணியே போதும். சாம்பிள் காட்டிப் பொழைச்ச சகபாடிகளே, உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். தொண்ணூறுகளோட கடைசியில ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. கடலைத்தோட்டை மூடுன டிரம்முல காத்துப் படாமக் கருக்கிக் கரியாக்குவாங்க. முலாம் பட்டறைக் கழிவுத் தண்ணியில இருக்கிற தாமிரத்தை அந்தக் கரி இழுத்துக்கும். அதை விக்கிற வேலை என்னுது.

பாட்டில்ல ஜெயிச்சது

மொதக் கிராக்கி டவுனுக்குள்ள முலாம் பட்டறை வச்சிருந்த காதர் பாய். கழிவுத் தண்ணியில தாமிரம் இருக்கு, திங்கக்கிழமை வந்து பார்க்கும்போதும் இருந்தா பட்டறைக்குப் பூட்டுதான்னு ஆபீசர் ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருந்தாரு. பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கல.

ஒரு பாட்டில் குழாய்த் தண்ணியில தாமிர உப்பான மயில்துத்தத்தைக் கரைச்சு, கரி வழியா வடிச்சு, அமோனியா ரெண்டு சொட்டு விட்டேன். தாமிரம் இருந்தா நீலம் பாயும். பாயல. உடனே பட்டறையில கரி நிரப்புன தொட்டி கட்டச் சொல்லிட்டாரு பாய். "தம்பி, பட்டறை தப்பிச்சா உங்க கரிக்கு நானே தண்டோரா போடுறேன்."

கண்மாய்த் தண்ணி

அந்தத் தெம்புல திருப்பரங்குன்றத்துல இன்னொரு பட்டறைக்குப் போனேன். அங்க புழங்குறது கண்மாய்த் தண்ணி, அதுலயே செஞ்சு காட்டுங்கன்னுட்டாரு ஓனர். இலை தழை ஊறி டீ நிறத்துல இருந்துச்சு. துத்தத்தைக் கரைச்சு வடிச்சு அமோனியா விட்டா, நீலம் பளிச்சுன்னு பாயுது.

கம்பெனிக் கெமிஸ்ட் அக்காகிட்ட வந்து பொலம்புனா அது சிரிக்குது. ஆரப்பாளையத்துல பஸ் நிக்கும் முன்னே ஜன்னல் வழியா துண்டு போடுறாங்கல்ல, அப்படி இலைச்சாறு கரியில இடம் பிடிச்சிருச்சாம். மிச்சச் சாறு தாமிரத்தையும் கையோட கூட்டிக்கிட்டு வெளிய வந்துருச்சாம். சில நேரம் இதே சாறு கரிக்கு ஒத்தாசையும் பண்ணுமாம், அதைக் கேட்டு எனக்கு இன்னும் எரிச்சல். ஓனர் கேட்டதுதான் காதுலயே நின்னுச்சு: "அண்ணே, உங்க கரி டவுன் தண்ணிக்கு மட்டுந்தான் வேலை பார்க்குமோ?"

ஆபீசருக்கு மரியாதை

திங்கக்கிழமை காலையில பாய் பட்டறைக்குப் போனா வாசலே மினுங்குது. தொட்டியில வடியிற தண்ணியில சொட்டு விட்டேன். நீலம். குனிஞ்சு மோந்தா புளி வாடை. ஆபீசர் வாராரேன்னு பட்டறையில கிடந்த அண்டா, குத்துவிளக்கு அம்புட்டையும் புளி போட்டுத் தேய்ச்சு, அந்தத் தண்ணியையும் தொட்டியிலயே விட்டிருக்காங்க. அங்க இலைச்சாறு பண்ணுன வேலையை இங்க புளி பண்ணிருச்சு. நான் கத்திட்டேன். பாய் முகம் செத்துப் போச்சு. "மாமனார் வந்தாலே அண்டாவ மினுக்குவோம் தம்பி. இவரு பூட்டோட வாராரு, சும்மா இருக்க முடியுமா?"

புளித்தண்ணியைத் தனி டிரம்முக்கு மாத்திட்டு, தொட்டிக் கரியை மொத்தமா அள்ளிப் போட்டுப் புதுக்கரி நிரப்புனோம். முலாம் தண்ணியை மட்டும் விட்டோம். எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் தெரியல, அம்புட்டுக் கரி. ஆபீசர் வந்து தண்ணி பிடிச்சிட்டுப் போனாரு. ரிசல்ட்டு வந்துச்சு, பூட்டு வரல. பாய் கண்ணு கலங்கி என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "இனி மாமனாருக்கும் அழுக்கு அண்டாதான் தம்பி."

தாமிரத்தைப் பிடிக்கக் கரி போதும், அதோட ஒட்டிக்கிட்டு வர்ற சொந்தபந்தத்தைச் சமாளிக்கத்தான் ஆள் வேணும்.