அய்யனாருக்குச் சேர வேண்டிய சடை

போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகனுக்கு, அதாவது என் கொள்ளுப்பேரனுக்கு, மொட்டை அடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி முகத்தைச் சுளித்தாள்.

“இப்ப வேணாம் லா தாத்தா. அடுத்த மாசம் பர்த்டே. மொட்டைத் தலையோட போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்?”

“தள்ளிப் போடும்மா, தப்பில்லை” என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கிழவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது? என் மொட்டையே ஒன்பது வருடம் தள்ளிப் போனது!

ஆமாம்... இன்று சீப்புக்கு வேலையே இல்லாத இந்தத் தலையில், ஒன்பது வயதுவரை இடுப்பைத் தொடும் சடை இருந்தது.

குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். எனக்கு மூத்தவள் அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதனால் நான் பிறந்ததும் அம்மா, இந்தியாவில் எங்கள் ஊரில் இருக்கும் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டாள் — அய்யனாரே, இவனையாவது காப்பாற்று, முதல் முடி உன் வாசலில்தான்.

அய்யனாரோ முசிறிப் பக்கம் இருக்கிறார். நாங்களோ கடலுக்கு இந்தப் பக்கம். கப்பல் ஏற வழி கிடைக்கும்வரை கத்திரி என் தலையைத் தொடக்கூடாது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் ‘சடைச்சி’. அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன். அம்மா எண்ணெய் வைத்து இன்னும் இறுக்கமாகப் பின்னிவிடுவாள். “அவனுங்க கெடக்குறானுங்க. உன் தல அய்யனார் சொத்துடா.” சொத்தைச் சுமக்கிறவனுக்குத்தானே பேன் கடி தெரியும்!

காலையில் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிடுவார்கள். அம்மா மட்டும் மேற்கே பார்த்து நிற்பாள். ஊர் அந்தத் திசையில் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். “ஏம்மா, சூரியனுக்கு முதுகக் காட்டுற?” என்று கங்காணி கேலி செய்வார். “எங்க சாமி அந்தப் பக்கம் இருக்குங்க” என்பாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களை இந்தியாவுக்குக் கப்பலில் இலவசமாக அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. லயமே இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் சிரித்தாள். “அய்யனாரே கப்பல் அனுப்பிட்டார்டா!” நானும் குதித்தேன். சடை ஒழிந்தது!

அக்காதான் எங்களோடு வர முடியாது. அவள் அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்கு வேலை போகவில்லை. அக்காவுக்கு ஆறாம் மாதம், தலைப்பிரசவம். கூட இருக்க மாமியார் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் அப்போதுதான் பிரசவத்தில் இறந்திருந்தாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்க அக்கா வந்தாள். ஒரு சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“போனா திரும்பி வருவியாம்மா?”

போவதற்குக் கப்பல் விடுகிறார்கள். திரும்பி வருவதற்கு யார் விடுவார்கள்?

அன்று சாயங்காலம் அம்மா மேற்கே பார்த்து நெடுநேரம் நின்றாள். பக்கத்தில் நான். அவள் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

“அய்யனாரே, பையன நீ பாத்துக்க. பொண்ண நான் பாத்துக்குறேன்.”

கடவுளிடம் பேரம் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடவுளோடு வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

நேரே அப்பாவிடம் போய், “நம்ம பேர எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சாமி குத்தமாயிடும்டி! இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“குத்தம் எம்மேல. பிள்ள மேல இல்லன்னு சொல்லிட்டேன்.” சொல்லும்போது அவள் கை என் சடையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலித்தது.

அப்பா பெக்கான் நானாஸ் என்ற ஊருக்கு அன்னாசித் தோட்ட வேலைக்குப் போனார். அம்மாவும் நானும் அக்கா வீட்டு ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டோம். நான் ஒரு தும்மல் போட்டால் போதும் — அம்மா திருநீற்றோடு ஓடி வருவாள். அந்த மூன்று மாதமும் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த அழகு இருக்கிறதே... இத்தனை வருடம் கதை எழுதியும் அதை எழுத எனக்கு வரவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நாவிதரை அழைத்து, என்னை மேற்கே பார்க்க உட்காரவைத்தாள். “அவரு பங்க அவரு செஞ்சிட்டாரு. இனிமே உன்னக் காக்க வைக்கக் கூடாது.” சடை மஞ்சள் துணிக்குள் போனது.

ஊருக்குப் போகிறவர்கள், “குடுங்கக்கா, நாங்க சேத்துடுறோம்” என்பார்கள். கொடுக்கமாட்டாள். “நானே போவணும். நேர்ல நின்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

என்ன வார்த்தையோ... நான் கேட்டுவைக்கவில்லை. அக்கா மகளுக்கு ஆறு வயது ஆனபோது, மலேரியாக் காய்ச்சலில் அம்மா போய்ச்சேர்ந்தாள். கப்பல் ஏறாமலே.

அந்தச் சடையோடு நான் ஊருக்குப் போனேன் — அம்மா இறந்த வயதைத் தாண்டிய பிறகு. வயல் ஓரத்தில் சின்னக் கோயில். பூசாரி மஞ்சள் துணியை வாங்கிக்கொண்டு, “அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்கீங்க, சாமிய நல்லாப் பாத்துக்கங்க” என்றார்.

நான் சாமியைப் பார்க்கவே இல்லை. அம்மா வந்திருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.