காப்புக் கட்டிய கடிகாரம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, அண்ணன் விட்டுப்போன பிள்ளை ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரமில்லை.

தஞ்சோங் கிளிங் சாலையில் ஒரு பேக்டரி ஆபீசில் துடைத்துப் பெருக்கித் தேநீர் கலக்குகிறேன். யாரும் என்னை வேலைக்குப் போகச் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட என் உடம்பு ஒப்பாது. உள்ளே நுழையுமுன் கைப்பேசியானாலும் பேசும் கடிகாரமானாலும் வாசல் லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

கடைசி மகள் நியூசிலாந்தில் நர்ஸ். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் வரும்போது எனக்குக் காலை ஒன்பது. நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். மாசித் திருவிழாவுக்கு முன் வந்தவள், சிம் போட்ட கடிகாரம் ஒன்றை என் கையில் கட்டி, "கழட்டிராதம்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

மறுநாள் கோயிலில் காப்புக் கட்டு. கடிகாரத்தைக் கழற்ற மாட்டேன் என்றேன். பூசாரி முனகிக்கொண்டே பட்டையோடு சேர்த்து மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பத்து நாள் அறுக்கக் கூடாது.

பேக்டரி வாசல் காவலாளியும் நம்ம ஆள்தான். "அம்மா, கடிகாரம்?" என்றான்.

"காப்புப்பா. அறுக்கச் சொல்றியா?"

"ஐயோ, பாவத்த என் தலையில கட்டாதீங்க. போங்க லா."

மூன்று நாள் தேநீர் அறையில் மகளோடு பேசினேன். நாலாம் நாள் மீட்டிங் அறையில் மேசை துடைக்கையில் மகளின் அழைப்பு வர, ஈரத் துணி பட்டு அது திறந்துகொண்டது. பெரியவர்கள் புது மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள் குரல்: "அம்மா, என்ன பசியாறுன?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

பாதுகாப்பு அதிகாரி சின்னப் பெண், தமிழ்ப் பெண். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். "ஆன்ட்டி, இங்க பேசுறது வெளிய போகக்கூடாது."

"என் மக யார்கிட்ட போய்ச் சொல்லப் போறா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. வேற யாராச்சும் இதுக்குள்ள நுழைஞ்சு ஒட்டுக்கேட்டா? உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது." கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேலையை விட்டு வேணா எடுத்துடு. கயித்தத் தொடாத."

அவள் கத்தரியை வைத்துவிட்டு, "காப்பு எறக்குற வரைக்கும் வெளிய செடிங்களப் பாருங்க ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தப்பு என்னுடையதுதான்.

வெளியே இருந்த நாட்களில் தினமும் மகள் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டேன். அப்பளம் நொறுங்கியதுகூடக் கேட்டது. காப்பு இறக்கியதும் கடிகாரம் லாக்கருக்குப் போனது. "சரிம்மா, வேலைதான் முக்கியம்" என்றாள் மகள். அந்த நேரத்தில் இப்போது அவள் அழைப்பதில்லை. ஆனாலும் ஒன்பது மணிக்கு என் கை தானாகவே காதுப் பக்கம் போகிறது.

குரலைப் பதிந்து அனுப்பலாம் என்கிறார்கள். வெறும் கடிகாரத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. அவள் அந்தப் பக்கம் 'ம்' கொட்டினால்தான் எனக்குப் பேச்சு வரும். அதனால்தான் இதை எழுதி, வாசிக்க மகன் பிள்ளையைக் கூப்பிடுகிறேன்.

கண்ணு, இங்க வா. இத எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு, தப்பு இருந்தா திருத்திக்கலாம். அப்புறம் கடிகாரத்த வாய்கிட்ட வச்சு, உங்க அத்தைக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசிச்சுப் பதிஞ்சு அனுப்பு. அவ சாப்பிடுறப்போ கேக்கட்டும்.