அம்மனின் கோரைப்பல்

ஆடி வெள்ளிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாரியம்மன் படம் வந்தது. கன்னத்தில் மினுமினுப்பு, உதட்டில் சாயம், பவுடர் விளம்பரத்துச் சிரிப்பு. டெல்லியிலேயே பிறந்த என் மகள் எட்டிப் பார்த்து, "ஸோ க்யூட்ப்பா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல, அந்தச் சிரிப்பின்மேல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெல்லியில் முனிர்காவை ஒட்டிய காலனியில் ஒரு மாடியறையில் இருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி, தமிழர், காலனிச் சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த ராசாத்தி அக்கா பின்னாலிருந்த குடிசைப் பகுதியில் குடியிருந்தார். கணவர் கருப்பையா கொத்தனார். வேலையிடத்தில் மிஞ்சிய சிமெண்டைக் கொண்டுவந்து அவரே ஒரு மாரியம்மனைச் செய்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். தலைக்குமேல் நாகம், கைகளில் சூலம், உடுக்கை, கத்தி, கபாலம். கடைவாயில் இரண்டு கோரைப்பல். ஒரு கண் சற்று மேலேறியிருக்கும். எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் ஈர மஞ்சளும் வேப்பிலையும் கலந்த அந்த வாசனைக்காகவே அந்த வழியாக பஸ்ஸுக்குப் போவேன்.

செயலாளருக்கு அது அவமானம். "மதராசிங்க பேயைக் கும்பிடறாங்கன்னு காலனியில சொல்றாங்க. நீங்க போய்ப் பேசுங்க. பல்லை எடுத்துட்டு, மண்டையோட்டுக்குப் பதிலா தாமரை வெச்சாங்கன்னா அந்தக் குடிசைங்களை யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க" என்றார்.

மலிவான அறை. மறுக்கத் துணியவில்லை. போய்ப் பேசினேன், அதுவும் பெரிய மனுஷன் தோரணையில். அக்கா கேட்டார்: "எங்க நோயெல்லாம் ஆத்தா அந்தக் கபாலத்துலதான் வாங்கிக்கிறா. பூவுல எதை வாங்குவா தம்பி?"

ஆனாலும் குடிசை நிலைக்கவேண்டுமே. கருப்பையாவே உளி பிடித்துப் பல்லைச் செதுக்கி எடுத்தார். கபாலத்தை உடைத்துத் தாமரை பூசினார். செயலாளர் மாலையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் புல்டோசர் வந்தது. குடிசைகளை அகற்றச் சொன்ன மனுவில் முதல் கையெழுத்து செயலாளருடையது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த கருப்பையாவிடம், அம்மனை எடுத்துப்போகவில்லையா என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அது உங்க ஆளுங்க கேட்ட சாமி. நீங்களே வெச்சுக்குங்க."

நகருக்கு வெளியே எங்கோ இடம் கொடுத்தார்கள் என்றார்கள். நான் தேடிப்போகவில்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.