திரும்பாமல் ஓடியவள்

யூட்டாவின் தென்கோடியில், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூரில் ஆர்வில்லாவைப் போலக் குதிரை ஓட்ட ஆண்களிலும் ஆளில்லை. 1938 கோடையில் சினிமாக் கம்பெனி வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தன் அப்பாவைச் சுட்டுக் கொன்றவனைப் பாலைவனம் முழுக்கத் துரத்திப் போகும் ஒரு பெண்ணின் கதையை எடுக்க வந்திருந்தார்கள். கதாநாயகிக்குக் குதிரை என்றாலே உதறல். ஆகவே அவளுடைய தொப்பியையும் சட்டையையும் மாட்டிவிட்டு, தூரத்துக் காட்சிகளில் ஆர்வில்லாவைக் குதிரை ஓட்டவிட்டார்கள்.

பழிவாங்கப் புறப்பட்ட அந்தப் பெண் அவளுக்குள் புகுந்துகொண்டாள். வீட்டிலும் தாடையை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

"அம்மா, உருளைக்கிழங்கைச் சீக்கிரம் வை. இல்லேன்னா நம்மளையும் சுட்டுருவா" என்று தம்பி டெல்மர் கிண்டல் செய்தான்.

கடைசி வாரத்தில் குதிரை விழும் காட்சி வந்தது. முன்னங்கால்களில் கம்பி கட்டி, மறுமுனையைப் புதைத்த கட்டையில் மாட்டுவார்கள். கம்பி முழு நீளமும் இழுபட்டு விறைக்கும் இடத்தில் ஓடுகிற குதிரை குப்புற விழும். பிஸ்கட்தான் விழ வேண்டும். அவள் குட்டியிலிருந்து வளர்த்த குதிரை.

அப்பா ஹைரம் கேள்விப்பட்டு நேரே படப்பிடிப்பு இடத்துக்கே வந்துவிட்டார்.

"வேண்டாம் ஆர்வி. நீ சொன்னா அது நெருப்புல கூட எறங்கும். அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்."

"மண்ணைக் கொத்திப் போட்டிருக்காங்கப்பா. விழுந்த உடனே எந்திரிச்சுடும்னு லைல் சொல்றார்."

லைல் கம்பெனியின் குதிரைக்காரர்.

"லைல் சொல்றது கெடக்கட்டும். உனக்கு என்ன தோணுது?"

தோன்றியதை அவள் சொல்லவில்லை. தான் மாட்டேன் என்றால் பொய்முடி வைத்த ஓர் ஆண் அந்த ஓட்டத்தை ஓடிவிடுவான் என்பது மட்டுமே அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாள்.

டைரக்டர் அவள் தோளைத் தட்டினார். "விழுந்ததும் எந்திரி. துப்பாக்கியை எடு, ஓடு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. நம்ம கதைப் பொண்ணு திரும்பிப் பாக்கறவ இல்லம்மா."

பிஸ்கட் காற்றாய்ப் பறந்தது. கம்பி இழுத்ததும் வானமும் தரையும் இடம் மாறின. அவள் மண்ணில் உருண்டு எழுந்தாள். பின்னால் ஓர் அலறல் கேட்டது. குதிரைக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள். டைரக்டர் போதும் என்று கத்தும்வரை ஓடினாள். திரும்பியபோது அப்பா பிஸ்கட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தார். முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. லைலின் துப்பாக்கியை வாங்கி அப்பாவே சுட்டார்.

அடுத்த வசந்தத்தில் ஊர்க் கொட்டகைக்குப் படம் வந்தது. அந்தக் காட்சியில் எல்லாரும் சீட்டியடித்தார்கள்.

"பாத்தியா! குதிரை போனா போகுதுன்னு ஓடறா பாரு, என்ன நெஞ்சழுத்தம்!" என்றார் முன்வரிசைக்காரர். அப்புறம் திரும்பி, "நீதானே அது?" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் சிரித்தும் வைத்தாள். அந்தச் சிரிப்புக்காக வெகுகாலம் கூசினாள்.

அதற்குப் பிறகும் கம்பெனிகள் வந்தன. கம்பி கட்டுகிற இடத்துக்கு அவள் போகவில்லை. கடிவாளத்தை இழுத்தால் தானாகவே பக்கவாட்டில் படுக்கும்படி குதிரைகளைப் பழக்கினாள். பொறுமையான வேலை அது. கம்பிதான் வேகம் என்று சொன்னவர்கள் போனார்கள். காத்திருந்தவர்கள் அவள் குதிரைகளை வாங்கிப் போனார்கள். மிருகங்களிடம் எத்தனை இரக்கம் என்று ஊரார் புகழ்வார்கள். அவள் பேச்சை மாற்றுவாள்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள்.

"அன்னிக்கு நான் திரும்பியிருந்தா அது பொழைச்சிருக்குமாப்பா?"

"பொழைச்சிருக்காது. காலு போயிருச்சே."

அவள் கரண்டியைத் துடைத்தாள்.

"ஆனா அது உன் பக்கமே பாத்துக்கிட்டிருந்துச்சு ஆர்வி" என்றார். "இத்தனை வருஷமா சொல்ல மனசு வரல."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தாள்.