சன்னலில் ஒட்டிய கடல்

மதுரையில் கடல் இல்லை. ஆனால் என் முதல் வேலை கடலைப் பற்றியது. மன்னார் வளைகுடாவில் மனிதர்கள் செய்யும் காரியங்களால் கடலுயிர்களுக்கு என்ன ஆகிறது என்று அறிக்கை தயாரித்த ஓர் அலுவலகத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். கரையிலிருந்து அளவுகள் தபாலில் வரும். அனுப்பியவர்களை நான் பார்த்ததில்லை. பழங்காநத்தத்தில் ஒரு மாடியறையில் தங்கியிருந்தேன். வேலை விட்டு வந்தபின் என் குரலை நானே கேட்பது அபூர்வம்.

ஒவ்வொரு காரியத்துக்கும், மறுபக்கம் தெரியும் ஒரு டிரேசிங் தாள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டுவது, இழுவைப்படகு, ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு, துறைமுகத்துக்காகத் தோண்டிக் கொட்டிய மண். பாதிப்பு உள்ள இடத்தில் பென்சிலால் லேசான கோடுகள். ஒரு தாளுக்கு ஓர் அத்தியாயம். ஒவ்வோர் அத்தியாயமும் 'பாதிப்பு குறைவே' என்று முடிந்தது. தனியாகப் பார்த்தால் அது பொய்யுமில்லை.

ஒரு ஞாயிறு காலை, எல்லாத் தாளிலும் கரைக்கோடு ஒன்றுபோல் இருக்கிறதா என்று சரிபார்க்க, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். பின்னால் நல்ல வெயில். கரை பொருந்தியது. ஒரு தீவைச் சுற்றி மட்டும் வெளிச்சம் வரவில்லை. எல்லாக் கோடுகளும் அங்கே வந்து விழுந்து கறுத்திருந்தன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், சாமான்களை ஒதுக்கி வை என்று சொல்ல வந்த வீட்டுக்கார அம்மா சன்னலைப் பார்த்தார்.

"என்ன தாயி, மையக் கொட்டிட்டியா?"

"இல்லக்கா, அது கடலு."

"இம்புட்டுக் கருப்பாவா?" என்றவர், தூத்துக்குடிச் சுண்ணாம்பு வாங்கியிருப்பதாகவும் சுவர் பளிச்சென்று இருக்கும் என்றும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தச் சுண்ணாம்புக்கான தாளும் சன்னலில்தான் இருந்தது.

மறுநாள் அதிகாரியின் அறைச் சன்னலில் ஒட்டிக் காட்டினேன். இது இல்லாமல் அறிக்கை போனால் உண்மைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யாகிவிடும் என்று எனக்குப் பட்டது. அவர் வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்.

"பாறைக்கு ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கு, படகுக்கு ஒண்ணு இருக்கு, சாக்கடைக்கு முனிசிபாலிட்டி. இந்தக் கருப்ப எங்கம்மா அனுப்புறது?"

தாள்களையாவது அறிக்கையின் கடைசியில் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்டேன். அதற்குச் சம்மதித்தார்.

பிரதிகளுக்கான தாள்களையும் நானே வரைந்தேன். பென்சில் அப்பாமலிருக்க, டிரேசிங் தாள்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்துத் தைப்பது பைண்டிங் கடை வழக்கம். செல்லூரிலிருந்த கடைக்குப் போய், நடுவில் எதுவும் வேண்டாம் என்றேன்.

"ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிருமேம்மா," என்றார் பைண்டர்.

"அப்பட்டும்ணே."

அறிக்கை போனது. எங்கிருந்தும் பதில் வரவில்லை. அலுவலகப் பிரதி அலமாரியில் இருந்தது. சில மாலைகளில் எல்லோரும் கிளம்பியபின் அதை எடுத்து, கடைசித் தாள்களைச் சேர்த்துப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். கூப்பிட்டுக் காட்ட யாரும் இருக்கமாட்டார்கள். தீவு தெரியாது. மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடப்பேன். அறையில் சுவரோரம் சாய்ந்தால் தோளில் சுண்ணாம்பு வெள்ளை ஒட்டும்.