அறுபத்தொரு வருடப் புரதம்

இடது கண்ணில் கண்புரை முற்றிவிட்டதென்று நான் தொலைபேசியில் சொன்னதும், கந்தளாயில் இருக்கும் அண்ணா என் எஞ்சிய காலத்தையே தீர்மானித்துவிட்டார்.

"வீட்டைப் பூட்டிப்போட்டு இங்க வா. வயசு போனால் இப்பிடித்தான். இனித் தனிய இருக்க ஏலாது."

நான் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்து ஓய்வுபெற்றவள். வயது அறுபத்தொன்று. மணமாகவில்லை. திருகோணமலைத் துறைமுகம் தெரியும் மாடிவீட்டில் தனியே இருக்கிறேன்.

"பழுதானது கண்வில்லை அண்ணா. நான் இல்லை," என்றேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரும் கூட வந்தார். இளம்பெண்ணான டொக்டர் பொறுமையாக விளக்கினார். வில்லையின் நடுவிலுள்ள புரதங்கள் தாயின் வயிற்றிலேயே உருவானவை. வெளிச்சத்துக்கு வழிவிடுவதற்காக வில்லையின் உயிர்க்கலங்கள் தங்கள் உட்கருவையே அகற்றிவிட்டன. அதனால் புதுப் புரதம் செய்ய அவற்றால் முடியாது. உருக்குலையும் புரதங்கள் ஒட்டித் திரளாமல் துணைப் புரதங்கள் பிடித்துவைத்திருக்கும். அவையும் தீர்ந்துபோனால், அவித்த முட்டைபோல வில்லை வெளுத்துவிடும்.

"பாத்தியே, எல்லாம் தேய்ஞ்சு போச்சு," என்றார் அண்ணா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிறக்கும் முன்பே வேலைக்கு வந்து, மாற்றாள் இல்லாமல், போரில் ஷெல் விழுந்த நாட்களிலும் நுணுக்குக்காட்டியில் எனக்கு இரத்தத்தைக் காட்டியவை அந்தப் புரதங்கள்.

"தேயேல்லை. இவ்வளவு காலம் தாக்குப் பிடிச்சிருக்கு. டொக்டர், சத்திரசிகிச்சைக்குத் திகதி தாங்கோ."

டொக்டர் தந்த படிவத்தை அண்ணா வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியும் அவரால் வாசிக்க முடியவில்லை.

"ஐயா, உங்கட கண்ணையும் ஒருக்காப் பாப்பம்," என்றார் டொக்டர்.

"எனக்கு எழுபதாச்சு, பிள்ளை. இருக்கிற வரைக்கும் இது காணும்."

"காணாது. இருங்கோ அண்ணா!" கதிரையை இழுத்துப் போட்டேன். வாழ்நாளில் அவருக்கு நான் இட்ட முதல் கட்டளை. இருந்தார். டொக்டர் சோதித்துப் பார்த்தார்: அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

என் கண் ஆறிய பிறகு அவருடைய ஒரு கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. என் வீட்டில்தான் தங்கினார். சொட்டுமருந்து விட்டது நான். மறைப்பை எடுத்ததும் யன்னலோரம் நெடுநேரம் நின்றார்.

"கடல் இவ்வளவு நீலமே?"

இரண்டு வாரத்தில் பழைய கதையைத் தொடங்கினார். "எண்டாலும் நீ கந்தளாய்க்கு..."

"வரமாட்டன்."

என் மற்றக் கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது. உடம்புக்குள் வேறெந்தப் புரதம் குலைகிறதோ, எனக்குத் தெரியாது. வயதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் எங்கே வாழ்வதென்பதை அது சொல்ல வேண்டியதில்லை. அண்ணாவை பஸ் ஏற்றிவிட்டு, மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன்.