பொட்டலத்தில் போன முடிவு

அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டார்கள். சீசன் மாதம் முழுக்கக் குற்றாலத்தில் எங்கள் சிப்ஸ் கடைக்கு ஆளே இல்லை. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய தாள்களை நானும் மனைவியும் வாசித்துத் தீர்த்தோம். ராசிபலன், உர விளம்பரம், பரீட்சைக் கேள்விகள், எல்லாம். ஒரு தொடர்கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்திருந்தாள்.

மறுநாள் அதிசயமாக ஒருவர் வந்தார். கைக்கு வந்த தாளில் மடித்துக் கொடுத்தேன். அவர் தென்காசி பஸ் ஏறிய பிறகுதான் அவள் தேடினாள்.

“அதுலலா முடிவு இருந்துச்சு! கதையில அந்தப் பிள்ள வீடு திரும்புனாளா இல்லையான்னு இனி யாருட்ட கேக்கது?”

கடையைக் காலி செய்துவிடலாம் என்று நான் சொன்னபோதுகூட அழாதவள், விம்மி அழுதாள்.

“திரும்பி வந்திருப்பா” என்றேன்.

“நாளைக்குத் தடைய எடுத்துருவாங்கன்னும் இப்படித்தான சொன்னீங்க?”

அதன்பிறகு நான் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை.